முடிச்சு அவிழ்ந்த குழாய்

அன்பு மகள் சின்னக்கிளிக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் என் பேரப்பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். இங்கே எங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுதான் எழுந்திருக்க மாட்டேன் என்று படுத்துக் கிடக்கிறது. போனில் சொல்லலாம் என்றால் உன் அப்பா பக்கத்தில் நின்று குறுக்கே பேசுவார், அதனால்தான் கடிதம். அன்றைக்கு வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு யாரும் எனக்குத் தெரியாது என்று கையை விரிக்கக் கூடாது. நான் இருந்தேன். உன் தம்பி இருந்தான். உன் அப்பா இருந்தார். உன் பெரியப்பா இருந்தார், யாரும் கூப்பிடாமலே வந்திருந்தார். ஓட்டல் வாட்ச்மேன் இருந்தார். மீன்தொட்டிக் கடைக்காரர் பாதி வரைக்கும் இருந்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

உன் தம்பி வேலை பார்த்த ஓட்டலை மூடிவிட்டார்கள் என்று உனக்குத் தெரியும். அதன் பிறகு அவன் அறையை விட்டு வருவதில்லை, சாப்பாட்டைக் கொண்டுபோய் வைத்தால் ஆறிப்போய் அப்படியே திரும்பி வரும். நான் என்ன கேட்டாலும் ம் என்பான், அதற்கு மேல் ஒரு எழுத்து வராது. ஓட்டல் வரவேற்பறையில் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி இருந்ததே, கடல் மீன் விட்டிருப்பார்களே, அதை இத்தனை வருஷமும் துடைத்துப் பார்த்துக்கொண்டது இவன்தான். முதலாளி கதவைப் பூட்டிக்கொண்டு போனவர் மீனை மறந்தே போய்விட்டார். தொட்டியில் ஒரு மூலை கசிந்து தண்ணீர் இறங்க இறங்க, பாவம் அந்த வாட்ச்மேன், கடல் மீனுக்கு உப்புத் தண்ணீர்தான் ஆகும் என்று அவருக்கு யார் சொன்னார்கள், தினமும் வந்து குழாய்த் தண்ணீரை ஊற்றி நிரப்பியிருக்கிறார். அது தெரிந்த அன்றுதான் உன் தம்பி எழுந்து சட்டை போட்டான். பிழைத்திருந்த மீன்களை மூடி போட்ட பக்கெட்டில் வாட்ச்மேனும் அவனும் தூக்கி வந்தார்கள். மஞ்சளாக உள்ளங்கை அகலத்தில் ஒன்று, அதற்கு இவன் வைத்த பெயர் மேனேஜர், யார் வந்தாலும் முதலில் முன்னால் வந்து நிற்குமாம். அதைச் சொல்லும்போது சிரித்தான் சின்னக்கிளி. உன் தம்பி பல்லைப் பார்த்து எத்தனை நாளாயிற்று தெரியுமா.

அந்தப் பக்கெட் தண்ணீரை ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு போட மறந்த குழம்பு மாதிரி சப்பென்று இருந்தது. கடைக்காரர் தந்த புதுத் தொட்டியில் கடல் உப்பு கலந்து தயாராக இருந்தது. அவர் தொட்டியை மேசை மேல் வைத்து, பக்கெட்டைத் தரையில் வைத்து, மேலேயிருந்து கீழே ஒரு மெல்லிய குழாயைத் தொங்கவிட்டு அதில் ஒரு முடிச்சுப் போட்டார். சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கணும், உப்பு கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏறணும், ஒரேயடியா ஏறினா உடம்புல இருக்கிற தண்ணியெல்லாம் வெளியே போயிடும், இன்னிக்கு முழுக்க ஆனாலும் ஆகட்டும், முடிச்சை மட்டும் யாரும் தொடாதீங்க என்று சொல்லிவிட்டுக் கடையைப் பார்க்கப் போனார். உன் தம்பி பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து நான் கொடுத்ததைச் சாப்பிட்டான், தட்டு காலி. பிறகு மீன் பிடிக்கும் வலை வாங்க வாட்ச்மேனோடு தெருமுனைக்குப் போனான். அம்மா பாத்துக்கோ என்றான். என்னிடம்தான் சொல்லிவிட்டுப் போனான்.

உன் பெரியப்பாவுக்குத்தான் எதையும் சும்மா பார்க்க முடியாதே. உன் பள்ளிக்கூட விழாவில் நீ பாட எழுந்தபோது மைக்கைத் திருகுகிறேன் என்று திருகி அதை ஊமையாக்கினவர், நான் மறந்துவிட்டேன் என்று நினைக்கிறார். மீன் வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் குனிந்து பார்த்தார். ஐயோ, உப்புக்கு ஏங்குது பாரு, கடல்ல பொறந்ததுக்கு உப்பைச் சொட்டுச் சொட்டாவா ஊட்டுவாங்க, இதென்ன கைக்குழந்தையா என்றார். வேண்டாங்க, அவன் வந்துடட்டும் என்றேன். நீ சும்மா இரும்மா என்று முடிச்சை அவிழ்த்தே விட்டார். தண்ணீர் சளசளவென்று இறங்கியது. நான் ஓடிப்போய்க் குழாயைப் பிடித்தேன். என் விரல்கள் எப்படி வீங்கியிருக்கின்றன என்று உனக்குத் தெரியும், ஈரக் குழாய் வழுக்குகிறது, மடக்கினால் நழுவுகிறது, முடிச்சு விழவில்லை. உன் அப்பாவைக் கூப்பிட்டேன், கத்தினேன். அவர் நாற்காலியிலிருந்தே, அண்ணன் செஞ்சா சரியாத்தான் இருக்கும் என்றார். பக்கெட் நிரம்பி என் கால் மேல் வழிந்தது.

உன் தம்பி வந்து பார்த்தான். குழாயை எடுத்தான், முழங்காலிட்டு உட்கார்ந்தான். மேனேஜர் ஒருபக்கமாகச் சாய்ந்து வட்டம் போட்டது, பிறகு அதுவும் இல்லை. ஒவ்வொன்றாக அடங்கின. இவன் தோள் குலுங்கியது, நான் முதுகில் கை வைத்தேன், வேறென்ன செய்ய. அப்போதுதான் உன் அப்பா எழுந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டு, மீனுதானேடா, வேற வாங்கிக்கலாம், இதுக்கா ஆம்பளை அழுவான் என்றார். அவன் எழுந்து அறைக்குள் போனவன்தான், கதவு சாத்தியது சாத்தியபடி. தட்டு மறுபடியும் அப்படியே திரும்புகிறது.

கோடு போட்ட குட்டி ஒன்று மட்டும் பிழைத்துப் புதுத் தொட்டியில் கல்லுக்குப் பின்னால் ஒளிந்து கிடக்கிறது. இரை போட்டால் வெளியே வருவதில்லை. நான் அதனிடமும் பரிவாகப் பேசுகிறேன், கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அவனிடமும் பரிவாகப் பேசுகிறேன், இரண்டும் கேட்பதில்லை. நீ அவனைக் கூப்பிடு. வேலை கிடைத்ததா என்று மட்டும் கேட்காதே. குட்டி சாப்பிட்டதா என்று கேள், அதற்காவது எழுந்து போய்த் தொட்டியைப் பார்ப்பான்.

வாட்ச்மேன் நான்தானேம்மா பச்சைத் தண்ணிய ஊத்தினேன் என்று அழுதார், அவரை மன்னித்துவிட்டேன், இரக்கப்பட்டு ஊற்றினவர். உன் பெரியப்பா மறுநாள் வாசலோடு நின்று தலையைக் குனிந்தார். திட்ட வேண்டியதைத் திட்டித் தீர்த்தேன், அவர் கணக்கு முடிந்தது. ஒருவரை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

சின்னவனுக்கு இருமல் என்றாயே, ஈரத்தலையோடு தூங்கவிடாதே. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. எல்லோரும் நீண்ட ஆயுசோடு குறைவில்லாமல் இருக்க வேண்டும். தம்பியைக் கூப்பிட மறக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா

உன் அப்பா இப்போது பக்கத்தில் வந்து நின்று, என் பேரையும் சேர்த்து எழுது, மகள் தேடுவாள் என்கிறார். கையில் கண்ணாடி இல்லை, என்ன எழுதியிருக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. கடைசியில் சேர்த்துவிடுகிறேன். நீ பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்கு வராமல் அண்ணன் வீட்டுக்குக் கூரை மாற்றப் போனதைக்கூட மன்னித்தேன். இதை மன்னிக்க மாட்டேன்.

உன் அப்பா