எந்தக் காலைக் காட்டுவது

1955, தை மாதக் கடைசித் திங்கள்

ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. மாப்பிள்ளை இறந்ததிலிருந்து பினாங்கில் என் மகள் வள்ளி கைக்குழந்தையோடு தனியாக இருக்கிறாள். என்னை வரச் சொல்கிறாள். யுத்தத்தில் போன காலுக்குத் தரும் பென்ஷன் அங்கேயும் வருமா என்று கேட்கத்தான் சித்தூர் ஆபீசுக்குப் போனேன்.

குமாஸ்தா என் மொட்டைத் தலையைப் பார்த்தான்.

"ஏமய்யா, திருப்பதியா? பஸ்ஸுலயா போன?"

"இல்ல, அலிபிரியிலேருந்து படியேறினேன்."

பினாங்கில் இருக்கும் பேரனுக்குக் காய்ச்சல் தணிந்ததற்கான வேண்டுதல். மரக்காலோடு உட்கார்ந்தும் தவழ்ந்தும் ஏறியதைச் சொல்லவில்லை. சாமிக்குச் செய்ததில் கஷ்டத்தைச் சொல்லிக் காட்டலாமா?

அவன் முகம் மாறிவிட்டது.

"மல ஏறுற, கப்பலும் ஏறப் போற. உனக்கு எதுக்கு பென்ஷனு? கடல் தாண்டினா நிறுத்திடுவாங்க. வருஷா வருஷம் டாக்டர்கிட்ட கால காட்டிக்கினு இங்கயே கெட."

"எந்தக் கால காட்டணும்? இருக்கறதயா, இல்லாததயா?" என்றேன்.

பியூன் சிரித்தான். குமாஸ்தா அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.

ஊர் திரும்பும் நகரி பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகுதான் சொல்லியிருக்க வேண்டியது வாய்க்கு வந்தது. அந்தக் கால் பர்மா மண்ணில் கிடக்கிறது. அதைக் கடல் தாண்டிக் கொண்டுபோனது சர்க்கார் கப்பல். அன்றைக்கு எவனும் நிறுத்தவில்லையே.