என்னை விலக விடுங்கோ

05.01.1974 சனி

நாளைக்கு முதியோர் மன்றத்தின் பொதுக்கூட்டம். தலைவர் பதவியிலிருந்து விலகுகிறேன் என்று சொல்லிவிடுவேன். மனைவி கிறிஸ்டினிடம் சொன்னேன். "போன வருசமும் இதைத்தான் சொன்னனீங்கள்" என்றாள். கோபம் வந்தது. உண்மை என்றபடியால்தான் வந்தது.

06.01.1974 ஞாயிறு

மறுபடியும் நானே தலைவர்! சனியன் பிடித்த வேலை!

பூசை முடிந்து நேரே மன்றத்துக்குப் போனேன். எழும்பி நின்று தெளிவாகச் சொன்னேன். பதின்மூன்று வருசம் போதும். மகள் சீலாவுக்கு மட்டக்களப்பில் முதல் பிள்ளை பிறக்கப் போகிறது. நானும் மனைவியும் அவளோடேயே போய் இருக்கப்போகிறோம். வேறு ஆளைத் தெரிவுசெய்யுங்கோ.

எல்லாரும் சிரித்தார்கள். கூட்டாளி இக்னேசியஸ் எழும்பி, "சிறில் எப்பவும் இப்பிடித்தான், பெரிய மனசு" என்றான். கைதட்டல். மாலை ஏற்கெனவே கட்டி வைத்திருந்தார்கள். நான் வேண்டாம், வேண்டாம் என்று கையை ஆட்ட ஆட்டக் கழுத்தில் போட்டுவிட்டார்கள். இதுகளுக்கு எந்தப் பாஷையில் சொல்ல?

மாலையோடு வீட்டுக்குப் போக வெட்கம். வழியில் மாதா சொரூபத்துக்குப் போட்டுவிட்டு வந்தேன். கிறிஸ்டின் என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டாள்.

08.01.1974

இரண்டு நாளாகப் பேசாதவள் இன்றைக்கு வாயைத் திறந்தாள். "வாற மாசம் இருபதாந் தேதி ரயிலுக்கு நான் போறன். வந்தால் வாங்கோ. வராட்டி உங்கட கிழடுகளோட இருங்கோ."

என்ர கிழடுகளாம்! எனக்கே அறுபத்தேழு.

09.01.1974

மன்றத்துக் கதவைப் பூட்டிவிட்டுப் போகலாம்தானே என்று மனசு கேட்கிறது. ஏலாது. ஓர்ஸ் ஹில் குன்றின் அடிவாரத்தில், வெள்ளைக்காரன் விட்டுப்போன சாமான் அறைக்கு வெள்ளையடித்து மன்றமாக்கியது நானும் இக்னேசியசும்தான். மருமகள்மாரின் முகத்தில் முழிக்கப் பயந்த கிழடுகள் விடியவே வந்து படியில் குந்தியிருக்கிறார்கள். பூட்டினால் அவர்கள் எங்கே போவார்கள்?

15.01.1974 செவ்வாய்

ஒவ்வொருவராகக் கேட்டாயிற்று. இக்னேசியசுக்கு முழங்கால் குத்துதாம். தூண்டிலோடு பாறை பாறையாகத் தாவுகிறபோது குத்துவதில்லையாக்கும்.

அபூதாஹிர் நானா வீட்டுக்கும் போனேன். எங்களுக்கெல்லாம் அண்ணன் மாதிரி; துறைமுகத்தில் நாற்பது பேரை மேய்த்தவர். அவர் ஒரு சத்தம் போட்டால் மன்றமே அடங்கும். பொருத்தமான ஆள் அவர்தான். ஆனால் அவரும், "எனக்கென்னத்துக்குத் தம்பி பதவி? வயசு போயிட்டு. வேற ஆளப் பாருங்க" என்றார். "சரி நானா, உங்களுக்குக் கரைச்சல் தரேல்லை" என்று எழும்பி வந்துவிட்டேன். வேண்டாம் என்றவரை வற்புறுத்துகிற பழக்கம் எனக்கில்லை. மற்றவர்களுக்குத்தான் அந்த வியாதி.

24.01.1974

அபூதாஹிர் நானா என்னோடு கதைப்பதில்லை. கதிரையைத் திருப்பிப் போட்டு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பர் படிக்கிறார். நான் என்ன பிழை விட்டேன்?

02.02.1974

கூரை ஒழுகுது, "சிறில்!" சீனி முடிஞ்சுது, "சிறில்!" ரேடியோ கரகரக்குது, அதுக்கும் "சிறில்!" இன்றைக்குக் கத்திவிட்டேன். "நான் செத்தால் என்ன செய்வியள்?" இக்னேசியஸ், "அதை அப்ப பாப்பம், முதல்ல சீனிக்கு ஒரு வழி சொல்லும்" என்றான்.

கிறிஸ்டின் தன்னுடைய சேலைகளைத் தனியாக அடுக்கத் தொடங்கிவிட்டாள்.

10.02.1974 ஞாயிறு

பேக்கரியில் பாண் கியூவில் நின்றுவிட்டு வந்ததும் வராததுமாய்க் கிறிஸ்டின் கேட்டாள்: "அபூதாஹிர் நானாவை எத்தினை தரம் கேட்டனீங்கள்?"

"ஒருக்கா."

"ஒருக்காவோ!" தலையில் அடித்துக்கொண்டாள். கியூவில் அவருடைய மனைவி உம்மு குல்சும் சொன்னாளாம். நான் திரும்ப வருவேன் என்று மனுசன் நல்ல சாரன் உடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருந்தாராம். வராதபடியால், "சிறில் தம்பி பேருக்குக் கேட்டிருக்காரு, மனசில்ல" என்று சொல்லிவிட்டாராம்.

"கேட்ட உடனே ஓம் எண்டு சொன்னால் பதவிக்கு அலையிறான் எண்டெல்லோ சொல்லுவினம்? மரியாதையுள்ள மனுசன் முதல் வேண்டாம் எண்டுதான் சொல்லும்."

"அப்ப நான் மெய்யா வேண்டாம் எண்டதை ஏன் ஒருத்தரும் மெய்யா எடுக்கேல்லை?"

"அதாலதான்" என்றாள்.

கட்டின பெண்டாட்டியிடம் முட்டாள் பட்டம் வாங்க இந்த வயது வரைக்கும் இருக்க வேண்டியிருந்தது.

13.02.1974

நேற்று நானா வீட்டுக்குத் திரும்பப் போனேன். வேண்டாம் என்றார். இருந்தேன், எழும்பவில்லை. இன்றைக்கு இக்னேசியசையும் இழுத்துக்கொண்டு போனேன். "நீங்க இவ்வளவு சொல்லக்குள்ள நான் என்னெண்டு மறுக்கிற?" என்றார் நானா. முகம் பூவாய் மலர்ந்து போயிருந்தது. அப்பாடா!

17.02.1974 ஞாயிறு

விசேட கூட்டம். ராத்திரி முழுக்க யோசித்து வைத்திருந்தேன். மறிப்பார்கள். இக்னேசியஸ் மூக்கைச் சிந்துவான். யாராவது, "நீங்கள் இல்லாமல் நாங்கள் என்ன செய்யிறது?" என்பார்கள். அதற்கெல்லாம் நோகாமல் என்ன பதில் சொல்வது என்றுகூடத் தயாராய் இருந்தேன்.

"நான் விலகிறன். அபூதாஹிர் நானாவைத் தெரிவுசெய்யுங்கோ" என்றேன்.

எல்லாக் கையும் உயர்ந்தது. அவ்வளவுதான்.

"சீலாவைக் கேட்டதாச் சொல்லும்" என்றான் இக்னேசியஸ். நானா உடனே கூரைக் கதையை எடுத்தார். ஓலையா, தகரமா என்று ஒரே சத்தம். நான் நின்றது நின்றபடி. இருக்கச் சொல்லவும் ஒருத்தருமில்லை. ஒரு தரமாவது மறித்தால் என்ன? பதின்மூன்று வருசம்!

வீட்டுக்கு வந்தேன். கிறிஸ்டின் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள்.

"விட்டிட்டினமோ?"

"விட்டிட்டினம்."

"சந்தோசந்தானே?"

"ஓம்" என்றேன்.

கயிற்றைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பவும் கேட்டாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.