துடைத்த செவ்வாய்

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. மேலூர்ப் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தில், இருட்டியதும் டெலஸ்கோப் வைத்துச் செவ்வாய்க் கிரகத்தைக் காட்டினேன். காலனியிலிருந்து வந்த செல்வியக்கா முதலில் பார்த்தார்.

"அம்புட்டுத்தானா? மைசூர் பருப்பு கணக்கா இருக்கு" என்று சிரித்தார்.

அடுத்து என் பெரியப்பா. அக்கா கண் வைத்த இடத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துவிட்டுத்தான் குனிந்தார். நான் டெலஸ்கோப்பின் முன்பக்கம் மூடியைப் போட்டேன்.

"ஒண்ணுமே தெரியலையேடா."

"நீங்கதான் தொடச்சுட்டீங்களே, பெரியப்பா."

கூட்டம் சிரித்தது. அவர் முகம் கறுத்துவிட்டது.

"நாளைக்கு இத இங்கிட்டுக் கொண்டாந்தா ஒடிச்சு எறிஞ்சுருவேன்."

கொண்டுபோகத்தான் போகிறேன். செல்வியக்காவிடம் சொன்னதும், "நானும் வாரேன், ஒடிக்கட்டும் பாப்போம்" என்றார்.

நாளை மேகம் மட்டும் வராமல் இருக்க வேண்டும்.