சுண்டுவுக்கு நான் போட்ட பவுடர்

ஓசூர்
16-7-1989

அன்பு மகள் தாஹிராவுக்கு அத்தா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். நாக்பூரில் வெயில் தணிந்து மழை பிடித்துவிட்டதா, உனக்கும் மாப்பிள்ளைக்கும் பேத்தி அதியாவுக்கும் உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுது. பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர் மாற்றலாகிப் போகும்போது அதியாவுக்கு ஒரு பூனைக்குட்டியும் ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸும் கொடுத்துவிட்டுப் போனதாகவும், குட்டி உடம்பெல்லாம் தெள்ளுப்பூச்சி, என்ன மருந்து போடலாம் என்றும் கேட்டிருந்தாய். படித்ததும் எனக்குப் பகீரென்றது. ஒரு மாதமாக உன்னிடம் மறைத்ததை இன்றைக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நீ இங்கே விட்டுப்போன பூனை சுண்டுவுக்கும் போன மாதம் அதே பூச்சிதான். சொறிந்து சொறிந்து கழுத்து முடி கொட்டிவிட்டது. பின்வீட்டுத் திம்மப்பன், தளியிலிருந்து வந்து எங்கள் கம்பெனியில் வேலை செய்கிறாரே, அவர் தன் நாய்க்குப் போடும் பவுடரைக் கொடுத்தார். கொடுக்கும்போதே, "பாய், இது நாய்க்குப் போடறது. பூனைக்கு ஆகுமா ஆகாதான்னு டாக்டரைக் கேட்டுட்டுப் போடுங்க" என்றார். எந்த மிஷினுக்கு எந்த ஆயில் என்று இரண்டு தடவை பார்த்து ஊற்றுகிறவன் நான், இதைப் பார்க்கவில்லை. பூச்சி எல்லாம் ஒன்றுதானே என்று ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து வந்த கையோடு தலையிலிருந்து வால் வரை தேய்த்துவிட்டேன். அதுவும் வழக்கம்போல உட்கார்ந்து உடம்பை நக்கிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரத்தில் வாயில் எச்சில் ஒழுக, கால்கள் நடுங்க, அப்படியே சாய்ந்து இழுக்க ஆரம்பித்துவிட்டது. உன் அம்மாதான் வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புப் போட்டு முழுக்கக் கழுவி, துண்டில் சுற்றி என் மடியில் கொடுத்தாள். திம்மப்பன் தன் டி.வி.எஸ். ஐம்பதில் பின்னால் என்னை ஏற்றிக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்.

டாக்டர் ஊசி போட்டுவிட்டு என்னைப் பிடித்த பிடி இருக்கிறதே! "பூனை நாள் பூரா உடம்பை நக்கிக்கிட்டே இருக்கும், மேலே போடறதெல்லாம் வயித்துக்குள்ளதான் போகும், தெரியாதா? நாய் மருந்தைப் பூனைக்குப் போடலாமா?" என்றார். இரண்டு நாள் அது கண்ணைத் திறக்கவே இல்லை. இருட்டான மூலையில் சத்தமில்லாமல் படுக்க வைத்தோம். இழுப்பு நின்று அது விழுங்கத் தொடங்கிய பிறகு அம்மா பேனாவுக்கு மை ஊற்றும் ஃபில்லரில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கொடுத்தாள். நான்காம் நாள் மீன் வாசனைக்கு எழுந்து அடுப்படி வரை தள்ளாடி வந்தது. இப்போது முடி முளைத்து, பழையபடி என் செருப்பின் மேல் படுத்துக்கொள்கிறது.

அதனால் தாஹிரா, யார் கொடுத்தாலும் பவுடர் கிவுடர் போடாதே. குட்டியை அங்கே மாட்டு டாக்டரிடம் காட்டு. அதுவரை பேன் சீப்பால் தினமும் வாரி, வருகிற பூச்சியைச் சோப்புத் தண்ணீரில் போடு, அது படுக்கும் துணியை வெந்நீரில் அலசி வெயிலில் காயப் போடு. கோழி எலும்பு போடாதே, தொண்டையில் குத்தும். பாலும் நிறைய ஊற்றாதே, வயிறு கழியும். லவ் பேர்ட்ஸுக்குத் தினையும், தினம் மாற்றிய தண்ணீரும், கொத்தக் கணவாய் மீன் ஓடும் இருந்தால் போதும். கூண்டை அடுப்புப் புகைக்கும் பூனைக்கும் எட்டாமல் மாட்டு. அதியா அதுகளைத் தொட்டால் கை கழுவிவிட்டுச் சாப்பிடச் சொல்.

போன கடிதத்தில் சுண்டு சுகம் என்று எழுதினேன். அதை எழுதும்போது அது தலை தூக்கவில்லை. உன் அம்மா அப்போதே, "புள்ளைகிட்ட மறைக்காதீங்க, நாம மறைச்சா அவளும் மறைப்பா" என்றாள். நீயும் மறைத்தவள்தானே. டைபாய்டு வந்து மூன்று வாரம் கிடந்ததை எழுந்து நடந்த பிறகுதான் எழுதினாய். நான் இன்றைக்கு உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டேன். திட்டுவதானால் திட்டி எழுது. ஆனால் இனிமேல் காய்ச்சல் வந்தால், காய்ச்சலோடேயே எழுது.

உங்கள் மூவருக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளும் நிறைந்த சுகமும் தருவானாக. குட்டியை டாக்டரிடம் காட்டியதும் ஒரு கார்டு போடு.

இப்படிக்கு, உன் அத்தா
ஜமீர் அகமது