வீட்டுக்காரர் மாற்றிய பாஸ்வேர்டு

ஜூன் 18

அன்புள்ள என்னங்க,

உங்கள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை. கடிதத்தில் மட்டும் வந்துவிடுமா? அதனால் இப்படித்தான். சிரிக்காதீர்கள்.

போனில் பேசினால், "கடைல ஆள் நிக்குது, அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். அந்த அப்புறம் வருவதே இல்லை. அதனால்தான் போன் மகளுக்கு, கடிதம் உங்களுக்கு என்று கிளம்பும்போதே கறாராகச் சொன்னேன். எழுத்தில் இருந்தால்தான் நான் சொல்வதைக் கடைசிவரை கேட்பீர்கள்.

ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்பியிருக்கும் இந்தப் பள்ளிக்கூடம் நன்றாக இருக்கிறது. எனக்கு நாலாம் வகுப்பைக் கொடுத்திருக்கிறார்கள். அறையில் கரும்பலகையே கிடையாது தெரியுமா? சுவர் முழுக்க ஸ்மார்ட் போர்டு, தொட்டால் உயிர் வந்துவிடும். முதல் நாளே மானம் போயிற்று. பழக்க தோஷத்தில் துணியை எடுத்து அதை அழுத்தித் துடைத்துவிட்டேன். திரையில் இருந்த படங்களெல்லாம் மூலைக்கு மூலை பறந்தன. பிள்ளைகள் கைதட்டி, "டீச்சர், இன்னொரு தடவை!" என்றார்கள். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

நல்லவேளை, என்னோடு பயிற்சிக்கு வந்திருக்கும் ஒருவர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் எப்போதும் ஒரு பென்டிரைவ் தொங்கும். பிள்ளைகள் வைத்த பெயரும் அதுதான். நம்மைவிட ஏழெட்டு வயது சின்னவர். வகுப்பு முடிந்ததும் நிதானமாகச் சொல்லிக்கொடுத்தார். சொல்லிக்கொடுக்கும்போது இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்கிறார். எதையும் தொடுவதில்லை. நானேதான் தொட வேண்டும், நானேதான் தப்பு செய்ய வேண்டும். இரண்டே நாளில் போர்டைப் போடவும் அணைக்கவும் கற்றுக்கொண்டேன்!

வேளைக்குச் சாப்பிடுங்கள். மகளைக் காலையில் கத்தி எழுப்பாதீர்கள்.

உங்கள்
வீட்டுக்காரி

ஜூன் 25

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

நலம். மகளும் நலம். முட்டை பொரிக்கிறேன் என்று இரண்டு பேருமாகச் சேர்ந்து உன் நல்ல வாணலியைக் கருக்கிவிட்டோம். முதலிலேயே சொல்லிவிட்டேன், வந்து குதிக்காதே.

ஒன்று கேட்கிறேன். இந்த ஊரில் பாதிப் பேர் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வைத்தியம் பார்க்கிறவன் நான். செத்துப்போன லேப்டாப்பைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அழுகிற முகத்தோடு வருகிறார்கள், சிரித்துக்கொண்டு போகிறார்கள். இத்தனை வருஷம் என் பக்கத்திலேயே குடித்தனம் நடத்தினாய். ஒருநாளாவது "எனக்கும் கத்துக்குடுங்க" என்று கேட்டாயா? இப்போது யாரோ பென்டிரைவாம், இரண்டே நாளாம்! பென்டிரைவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் ஆள் பெரிய கொம்பனா? என் கடையில் ஒரு டப்பா நிறையக் கிடக்கிறது.

கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறானாம்! அவன் என்ன ஜெயில் கைதியா?

கோபமெல்லாம் இல்லை. சும்மா கேட்டேன். குழாய் ஒழுகுகிறது, ஆள் வரச் சொல்லியிருக்கிறேன். உன் தலையணையை மகள் எடுத்துக்கொண்டாள்.

இப்படிக்கு
கம்ப்யூட்டர் டாக்டர்
(உன்னைத் தவிர ஊருக்கெல்லாம்)

ஜூலை 2

அன்புள்ள என்னங்க,

வாணலிக்குப் பிறகு வருகிறேன்.

கேட்கவே இல்லை என்றா எழுதுகிறீர்கள்? நன்றாக யோசித்துப் பாருங்கள். கல்யாணமான புதிதில் கேட்டேன். மகள் பள்ளியில் சேர்ந்தபோது கேட்டேன். போன வருஷம் இந்தப் படிப்புக்கு விண்ணப்பம் போடும்போதும் கேட்டேன். ஒவ்வொரு தடவையும், "அங்க இல்ல, இங்க! அட, இதுகூடத் தெரியலையா? தள்ளு, நானே பண்ணிடுறேன்" என்று மௌஸை என் கையிலிருந்து பிடுங்கினீர்கள். வேலை முடிந்துவிடும், எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. உங்களுக்கு எல்லாம் விரல் நுனியில் இருக்கிறது. எனக்குத்தான் அந்த வேகம் வரவில்லை. குறையாகச் சொல்லவில்லை. கேட்டதனால் சொல்கிறேன்.

இப்போது பாடம் எடுப்பதைப் போனில் படம் பிடித்து வைக்கிறேன். போனை ஜன்னல் மேல் சாய்த்து வைத்துவிட்டால் அதுபாட்டுக்குப் பிடிக்கிறது. ராத்திரி அறையில் போட்டுப் பார்த்தால் நாம் என்னவெல்லாம் தப்பு செய்கிறோம் என்று தெரிகிறது. மகள் நம் வீட்டு இணையக் கணக்கை என் போனிலும் போட்டுக் கொடுத்திருந்தாளே, எல்லாம் அதிலேயே சேமிக்கப்படுகிறதாம்.

இந்த மாதம் 24-ஆம் தேதி மேற்பார்வையாளர் அம்மா வந்து என் பாடத்தை நேரில் பார்த்து மதிப்பெண் போடுவார். போர்டைப் பயன்படுத்தித்தான் எடுக்க வேண்டும். அதில் தவறினால் பயிற்சியை முதலிலிருந்து இன்னொரு வருஷம் செய்ய வேண்டும். இந்த வயதில் இன்னொரு வருஷம் என்னால் முடியாதுங்க.

உங்கள்
வீட்டுக்காரி

ஜூலை 9

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

தைரியமாக இரு. நீ எடுப்பாய்.

ஆனால் ஒரு யோசனை. போர்டில் எழுதும்போது பிள்ளைகளுக்கு முழு முதுகையும் காட்டுகிறாய். பின்னால் இரண்டு வாலுகள் ரப்பரை எறிந்து விளையாடுகிறார்கள், உனக்குத் தெரியவே இல்லை. கொஞ்சம் பக்கவாட்டில் நின்று எழுது. மற்றபடி அந்த மஞ்சள் புடவை உனக்கு நன்றாக இருக்கிறது. இங்கே இருந்தபோது அதை நீ கட்டியதே இல்லை.

அப்புறம், அந்தப் பென்டிரைவுக்கு வேறு வார்த்தையே தெரியாதா? நீ ஒரு படத்தை நகர்த்தினால் "சூப்பர் மேடம்." பெரிதாக்கினால் "சூப்பர் மேடம்." ஒருநாள் நீ வெறுமனே தும்மினாய், அதற்கும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். பயிற்சிக்கு வந்தானா, பாராட்டுவிழா நடத்த வந்தானா?

குழாய் சரியாகிவிட்டது. கடையில் மனம் ஒட்டவில்லை.

உன் வீட்டுக்காரன்

ஜூலை 14

என்னங்க,

மஞ்சள் புடவை என்று நான் எழுதவே இல்லையே. ரப்பர் விஷயம் எனக்கே தெரியாது. கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்த பிறகுதான் உறைத்தது. மகளுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "ஆமாம்மா, நீ பிடிக்கிறது எல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டர்ல தானா வந்து விழுது. அப்பா கடைய சாத்திட்டு வந்து டெய்லி உக்காந்து பாக்குறாரு" என்கிறாள்.

பார்க்கக் கூடாது என்று சொல்லமாட்டேன். நம் வீட்டுக் கணக்குதான், நானும் யோசிக்கவில்லை. ஆனால் பார்க்கிறேன் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். நான் திக்கியதை, பாதியில் பாடத்தை மறந்து நின்றதை, யாரும் இல்லை என்று நினைத்துத் தனியாகப் பேசிப் பழகியதை எல்லாம் பார்த்திருக்கிறீர்கள். எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அதைவிட ஒரு வருத்தம். அவ்வளவும் பார்த்துவிட்டு, "நீ நல்லா எடுக்குற" என்று ஒரு வார்த்தை எழுத உங்களுக்கு மனம் வரவில்லை. அவர் எத்தனை தடவை வாயைத் திறந்தார் என்றுதான் எண்ணியிருக்கிறீர்கள்.

24-ஆம் தேதி சோதனைப் பாடத்துக்கு நிழலைத் தலைப்பாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். திரையில் சூரியனை நகர்த்தினால் மரத்தின் நிழலும் நகரும்படி நம் கணக்கிலேயே நானே செய்துகொண்டிருக்கிறேன். சரிபார்க்கச் சொல்லி அவருக்கும் அதைத் திறந்து கொடுத்திருக்கிறேன். நீங்கள் பார்ப்பீர்கள் என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன்.

வீட்டுக்காரி

ஜூலை 20

டீச்சரம்மாவுக்கு,

பார்த்தேன். நேற்று சாயங்காலம் திறந்தால் ஒரே பக்கத்தில் இரண்டு பேர். நீ சூரியனை நகர்த்துகிறாய், அவன் மரத்தை நகர்த்துகிறான். நீ ஒரு சொல் எழுதுகிறாய், அவன் பக்கத்தில் இன்னொன்று எழுதுகிறான். நான் இங்கே நாற்காலியில் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். நம் வீட்டுக் கணக்குக்குள் ஒரு வெளி ஆள்! அதில் நம் கல்யாணப் படம் இருக்கிறது, மகள் தவழ்ந்த படம் இருக்கிறது.

உன்மேல் எனக்குச் சந்தேகம் என்று நினைத்துக்கொள்ளாதே, அந்த எண்ணமே கிடையாது. ஆனால் என்னால் தாங்க முடியவில்லை. பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். அவனுக்குக் கொடுத்திருந்த அனுமதியையும் எடுத்துவிட்டேன். புது பாஸ்வேர்டைக் கீழே எழுதியிருக்கிறேன், நீ மட்டும் வைத்துக்கொள். எனக்குக் கடிதம்தான் என்று நீதானே கறார் போட்டாய், அதனால் கடிதத்திலேயே அனுப்புகிறேன்.

புது பாஸ்வேர்டு: மகள் பிறந்த தேதி, மாதம், வருஷம், அதற்குப் பிறகு நம் கல்யாண நாள். இடைவெளி விடாமல்.

உன் வீட்டுக்காரன்

ஜூலை 26

என்னங்க,

உங்கள் கடிதம் நேற்று வந்து சேர்ந்தது. சோதனைப் பாடம் முந்தின நாளே முடிந்துவிட்டது.

என்ன நடந்தது என்று முழுதாக எழுதுகிறேன், முழுதாகப் படியுங்கள். மேற்பார்வையாளர் அம்மா பின்னால் உட்கார்ந்து பேனாவைத் திறந்தாயிற்று. பிள்ளைகள் கைகட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். பாடத்தை 19-ஆம் தேதியே முடித்துவிட்டதால் அதற்குப் பிறகு நான் கணக்கைத் திறந்திருக்கவில்லை. போர்டைத் தொட்டேன், நம் கணக்கின் பாஸ்வேர்டு கேட்டது. பழையதைப் போட்டேன், தவறு என்றது. விரல் தடுமாறியிருக்கும் என்று மறுபடி போட்டேன். தவறு. மூன்றாவது தடவை, கொஞ்ச நேரம் கழித்து முயற்சி செய்யவும் என்று எழுதி நின்றுவிட்டது. அவ்வளவு பெரிய போர்டில் அவ்வளவு பெரிய எழுத்தில். முன்வரிசைப் பெண் ஒருத்தி அதை உரக்கப் படித்தாள். "என்ன ஆச்சு?" என்றார் அந்த அம்மா.

பென்டிரைவ் சார் எழுந்து வந்து, கழுத்திலிருந்ததைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். என் பாடத்தின் பிரதி ஒன்று அதில் இருந்தது. ஆனால் பழசு. நான் முதலில் செய்தது, திருத்தாதது. திறந்தால் சூரியன் எந்தப் பக்கமோ நிழலும் அதே பக்கம் விழுகிறது! நான் பார்ப்பதற்குள் ரப்பர் எறியும் அந்த வாலு எழுந்து, "டீச்சர், நிழல் தப்பா விழுது" என்றான். வகுப்பே சிரித்தது.

எங்கிருந்து தைரியம் வந்ததோ, "அப்படியா? நீ வந்து சரி பண்ணு பாப்போம்" என்றேன். அவன் வந்து நகர்த்தினான். "எப்படித் தெரியும்?" என்றேன். விளக்கம் சொன்னான். அடுத்தவள் வந்து சூரியனை உச்சிக்குத் தூக்கினாள், நிழலை என்ன செய்வது என்று விழித்தாள். அதற்கு நாலு பேர் சண்டை போட்டார்கள். கடைசியில் ஜன்னலோரம் வெயிலில் பென்சிலை நிறுத்தி வைத்துப் பார்த்துவிட்டு வந்து போர்டில் திருத்தினார்கள். நான் அதிகம் பேசவே இல்லை. மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. மேற்பார்வையாளர் அம்மா போகும்போது, "தப்பா ஒரு படத்தை வேணும்னே வெச்சீங்களா?" என்று கேட்டார். "இல்லம்மா, மாட்டிக்கிட்டேன்" என்றேன். சிரித்துவிட்டார். தேறிவிட்டேன்.

ஆனால் தேறாமல் போயிருந்தால்? அதை நினைத்து இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. உங்களுக்கு அவர்மேல் இருந்த எரிச்சலில் என் ஒரு வருஷத்தைத் தூக்கிப் போட்டீர்கள். ஒரே ஒரு போன் போட்டிருந்தால் போதும். "கறார் போட்டாய்" என்று எழுதுகிறீர்கள். முறுக்கிக்கொண்டு தபால்பெட்டியில் போட்டுவிட்டு வந்தீர்கள், அதைச் சொல்லுங்கள்.

இனி மூன்று விஷயம். உங்களிடம் கேட்கவில்லை, சொல்கிறேன். இங்குள்ள மற்ற டீச்சர்களுக்குப் போர்டைக் கற்றுக்கொடுக்க இந்த வருஷம் முடியும்வரை இருக்க முடியுமா என்று தலைமையாசிரியை கேட்டார், சரி என்றுவிட்டேன். மாதம் ஒருமுறை வீட்டுக்கு வருவேன், மகளிடம் பேசிவிட்டேன். எனக்கென்று தனியாக ஒரு கணக்கு திறந்துவிட்டேன், பாஸ்வேர்டு எனக்கு மட்டும்தான் தெரியும். பென்டிரைவ் சாரும் இங்கேதான் வேலையில் சேர்கிறார். ஒளிக்க எனக்கு ஒன்றும் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

அடுத்த சனிக்கிழமை வருகிறேன். கோபம் தீர்ந்து வருகிறேன் என்று நினைக்காதீர்கள்.

வீட்டுக்காரி

ஜூலை 30

அன்புள்ள டீச்சருக்கு,

படித்தேன். கடையைத் திறக்கவில்லை. மகளிடம் கொடுத்தேன், அவளும் படித்தாள். "அசிங்கமா இருக்குப்பா" என்று சொல்லிவிட்டுப் போனவள் இன்னும் என்னோடு பேசவில்லை.

தப்பு என்னுடையது. முறுக்கிக்கொண்டுதான் போட்டேன். போட்ட அன்று ராத்திரியே போனைக் கையில் எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன். அதற்கும் காரணம் முறுக்குதான்.

நீ வருஷம் முழுக்க இரு. நான் சம்மதம் சொல்வதாக நினைக்காதே, நீ கேட்கவில்லை என்பது தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன்.

எனக்கு எது பொறுக்கவில்லை என்று இப்போதுதான் புரிகிறது. "டீச்சர்" என்று ஒரு பிள்ளை கூப்பிட்டால் நீ திரும்புகிறாயே, அப்போது உன் முகத்தில் ஒரு களை வருகிறது. அந்தக் களையை இத்தனை வருஷத்தில் நம் வீட்டுக்குள் நான் ஒருநாளும் பார்த்ததில்லை. கம்ப்யூட்டரில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். நான் திருட்டுத்தனமாகப் பார்க்கிறதை அவன் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறான். அவ்வளவுதான். அவன் நல்லவனாக இருப்பதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

நீ நன்றாக எடுக்கிறாய். முதன்முதலில் பார்த்த அன்றே எழுதியிருக்க வேண்டும்.

உன் பாடம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன், அந்தச் சோதனைப் பாடம் ஒன்றைத் தவிர. பாஸ்வேர்டை மாற்றியதால் அது இங்கே வந்து விழவில்லை, நான் பூட்டின பூட்டு எனக்கே விழுந்தது. அனுப்பு என்று கேட்கமாட்டேன். சனிக்கிழமை வரும்போது உனக்கு மனம் இருந்தால் வாயால் சொல், கடையைச் சாத்திவிட்டுக் கேட்கிறேன்.

அந்தப் பென்டிரைவ் சாரிடம் நான் நன்றி சொன்னதாகச் சொல். இதை எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது. இருந்தாலும் சொல்.

உன்
வீட்டுக்காரன்