காருக்கு அடியில் நானும் படுத்தேன்

என் உயிரான மச்சானுக்கு,

கபுறில் அடங்கியிருப்பவர்களுக்கும் ஸலாம் சொல்லச் சொல்கிறது நம் மார்க்கம். ஆகவே முதலில் என் ஸலாம். மாமி மகனாக இருந்து எனக்கு மாப்பிள்ளையாக வந்த பிறகும் உங்களை நான் மச்சான் என்றுதான் கூப்பிட்டேன். இதை யார் வாசித்தாலும் சரி, அப்படியேதான் கூப்பிடுவேன்.

நான் பயந்து போயிருக்கிறேன் மச்சான். நடந்து முடிந்த காரியம்தான். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனாலும் உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உங்கட மகள் நுஸ்ரா காருக்கு அடியில் போனாள். அதே காருக்கு.

நீங்கள் மௌத்தான பிறகு அதை விற்கச் சொல்லி என் கூடப்பிறந்த காக்காமார் எத்தனையோ தரம் சொன்னார்கள். பார்க்கவும் முடியவில்லை, கொடுக்கவும் மனம் வரவில்லை. தறப்பாளைப் போட்டு மூடி வைத்தேன். பிள்ளை வளர்ந்து, கல்முனையில் ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, ஒருநாள் அந்தத் தறப்பாளை இழுத்து எறிந்துவிட்டாள்.

"கார் என்ன செஞ்சது உம்மா? மண்ணுதானே இறங்கினது" என்றாள்.

ஓம், மண்தான். அந்த வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு முந்தி, சைலென்சரை இழுத்துக் கட்டிவிட்டு வாறன் என்று முற்றத்து மணலில் ஜாக்கைக் கொடுத்தீர்கள். நம் சாய்ந்தமருது மண்ணைத்தான் தெரியுமே, கடல் மணல், ஜாக் புதைந்துவிட்டது. உங்களைப் பள்ளிக்குக் கூட்டிப்போக வந்த உங்கட கூட்டாளி, கராஜ் வைத்திருக்கிற லத்தீப் காக்காதான் முதலில் கண்டு ஓடிவந்து காரைத் தூக்கினார். அதற்கு மேல் எழுத மாட்டேன். உங்களுக்குத் தெரியாததா?

பிள்ளை லைசன்ஸ் எடுத்தாள். எனக்கு நெஞ்சு வருத்தம் வந்தபிறகு மட்டக்களப்பு கிளினிக்குக்கு அவள்தான் அந்தக் காரில் கொண்டுபோய்க் கொண்டுவருகிறாள். ஏறும்போதெல்லாம் கண்ணை மூடி ஸலவாத்து ஓதுவேன். பழகிவிடும் என்றார்கள். பழகவில்லை.

இந்த மாரி முடிந்ததிலிருந்து பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கத்தில் டொக் டொக் என்று ஒரு சத்தம். யாரோ கீழே இருந்து தட்டுகிற மாதிரி. அதைக் கேட்டால் எனக்கு எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள். போன கிளினிக் நாளில் கல்லாற்றுப் பாலத்தில் ஒரு ஆடு குறுக்கே வந்தது. நுஸ்ரா பிரேக்கை மிதித்தாள். கார் நேரே நிற்காமல் வலது பக்கம் இழுத்துக்கொண்டு எதிரே வந்த பஸ்ஸுக்கு முகத்தைக் கொடுத்தது. பஸ்காரர் வெட்டி எடுத்ததால் தப்பினோம். அவர் ஏசிய ஏச்சு இன்னும் காதில் கேட்கிறது. பிள்ளை காரை ஓரத்தில் நிறுத்தினாள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மூச்சு வாங்கினாள்.

கல்முனையில் ஒரு கராஜில் காட்டினோம். சக்கரத்தைப் பிடித்து வைத்திருக்கிற இரும்புக் கை இருக்கிறதாம், அதன் மூட்டில் றப்பர் புஷ் இருக்கிறதாம். அது வெடித்துக் கிழிந்து போயிற்றாம். "கையோட சேத்து மாத்துறதுதான் நல்லம். பழைய கார், சாமான் கொழும்பால வரணும். எப்ப வரும் எண்டு சொல்ல ஏலாது" என்றார்கள். அதுவரை ஓட்ட வேண்டாம் என்றார்கள்.

நுஸ்ரா கடை கடையாக ஏறி றப்பர் புஷ்ஷை மட்டும் தேடிப் பிடித்துக்கொண்டு வந்தாள். "இத நாமளே மாத்தலாம் உம்மா. வீடியோவில எல்லாம் பாத்துட்டன்" என்றாள்.

நான் சத்தம் போட்டேன். அழுதேன். "உன்ர வாப்பாவக் குடுத்தது காணாதா?" என்று கேட்டேன். கேட்கக் கூடாத கேள்விதான். அவள் எழும்பிப் போய் லத்தீப் காக்காவின் கராஜில் நின்றாள்.

அவர் என்ன சொன்னார் தெரியுமா? வேறு யாருடைய காராக இருந்தாலும் அன்றைக்கே செய்து கொடுத்திருப்பார். "மகள், அந்தக் காருக்குக் கீழ போக என்னால ஏலாது. அண்டைக்கு அதத் தூக்கினது நான்தான். நீ அந்த இரும்புக் கையக் கழட்டிக் கொண்டு வா, புஷ்ஷ நான் அதில அடிச்சு இறக்கித் தாறன்" என்றாராம். பிறகு உள்ளே போய், பாரம் தாங்குகிற இரும்பு ஸ்டாண்ட் இரண்டைத் தூக்கி அவளுடைய கையில் கொடுத்தாராம். "ஜாக்க நம்பி ஒரு விரலையும் உள்ள விட்டிராத" என்று திரும்பத் திரும்பச் சொன்னாராம். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்றாள்.

மணலில் வேண்டாம் என்று வீட்டு முன் சீமெந்துத் தரையில் காரை ஏற்றினாள். ஜாக்கால் தூக்கி, ஸ்டாண்டில் இறக்கி, காரைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். கழற்றிய சக்கரத்தையும் காருக்குக் கீழே தள்ளி வைத்தாள். விழுந்தாலும் டயரில்தான் விழுமாம். விழுந்தாலும் என்ற சொல்லை அவள் சாதாரணமாகச் சொன்னாள்.

அவளுடைய கால் இரண்டும் வெளியே நீட்டியிருக்க, மற்றதெல்லாம் உள்ளே. அந்தக் காட்சியை நான் முன்பும் பார்த்திருக்கிறேன் அல்லவா? யாஸீன் ஓதினேன். பாதியில் ஆயத்து மறந்து மறந்து போனது. "நுஸ்ரா" என்பேன். "ஓம் உம்மா" என்பாள். சத்தம் வராவிட்டால் மறுபடியும் கூப்பிடுவேன். இரும்புக் கையைக் கழற்றி வெளியே எடுக்கும்வரை அப்படித்தான் போனது. லத்தீப் காக்கா புஷ்ஷை இறக்கிக் கொடுக்க, அதைக் கொண்டுவந்து பூட்டினாள். முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. கடைசி இறுக்கத்தைக் காரின் பாரம் அந்தக் கையில் இருக்கும்போதுதான் கொடுக்கவேண்டுமாம். சும்மா தொங்கும்போது இறுக்கினால் றப்பர் முறுகிச் சீக்கிரம் கிழிந்துவிடுமாம். ஸ்டாண்டை எடுக்காமலே இரும்புக் கைக்குக் கீழே ஜாக்கைக் கொடுத்துத் தூக்கினாள். பிறகு போல்ட்டை இறுக்க, மறுபக்கத்து நட்டும் கூடவே சுற்றியது.

"கீழ ஒரு ஆள் ஸ்பேனரப் பிடிச்சுக்கொள்ளணும். வெளிய நிண்டு ஒரு ஆள் பலமா இழுக்கணும்" என்றாள்.

யாரைக் கூப்பிடுவது? அந்தக் காருக்குக் கீழே கை நீட்ட நம் ஒழுங்கையில் எந்த வீட்டிலும் ஆள் கிடையாது.

"நீங்க இழுங்க உம்மா, நான் கீழ போறன்."

"எனக்கு இழுக்கப் பலம் காணாது."

அவள் என்னைப் பார்த்தாள். என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது மச்சான். "நீ வெளிய நில்லு. நான் போறன்" என்றேன். மாட்டேன் என்று மறித்தாள். என் நெஞ்சு வருத்தத்தை நினைவுபடுத்தினாள். நான் முந்தானையைத் தலையோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு பிஸ்மி சொல்லிப் படுத்தேன்.

உள்ளே வெக்கை. எண்ணெய் வாடை. முகத்துக்கு மேலே கறுத்த இரும்பு, ஒரு முழம்கூட இல்லை. நீங்கள் கடைசியாகப் பார்த்தது இதைத்தானா? என்னைக் கூப்பிட்டீர்களா? கூப்பிட நேரம் இருந்ததா? இத்தனை காலம் யாரிடமும் கேட்காததை அங்கே படுத்துக்கொண்டு உங்களிடம் கேட்டேன்.

"பிடிச்சிட்டீங்களா உம்மா?"

"பிடிச்சிட்டன்."

அவள் இழுத்தாள். ஸ்பேனர் என் கையை உலுப்பியது. மேலே கார் மெல்ல அசைந்தது. அடுத்து டக் என்று ஒரு சத்தம். நான் நுஸ்ரா என்று கத்தினேன். மௌத்து நேரத்துக் கலிமா வாயில் வந்துவிட்டது. எதுவும் விழவில்லை.

"போல்ட் இறுகிட்டுது உம்மா. அவ்வளவுதான். வெளிய வாங்க."

வர முடியவில்லை. ஸ்பேனரை விட்டு விரல் கழலவில்லை. அவள்தான் குனிந்து என் கணுக்காலைப் பிடித்து இழுத்தெடுத்தாள். அப்போதுதான் அவளுடைய கை தெரிந்தது. ஐஸ் மாதிரிக் குளிர்ந்து கிடந்தது.

"உனக்கும் பயமா?"

"பயமில்லாமலா உம்மா சோறு இறங்காமக் கிடக்கன்? நீங்க பாக்கிறீங்க எண்டு காட்டல்ல."

சீமெந்துத் தரையில் குந்தியிருந்து இரண்டு பேரும் அழுதோம். நீங்கள் போனதிலிருந்து ஒன்றாக அழுதது அதுதான் முதல்தடவை. நான் அறைக்குள் தனியே அழுவேன். அவள் எங்கே அழுதாள்? எனக்குத் தெரியாது.

அடுத்த கிளினிக்குக்குப் போய் வந்தோம். வெறும் ரோட்டில் பிரேக் பிடித்துப் பார்த்தாள், நேரே நின்றது. சத்தமும் இல்லை. ஆனாலும் சத்தமில்லாத காரில் என் காது இன்னும் எதையோ தேடிக்கொண்டே இருக்கிறது.

மற்றப் பக்கத்துப் புஷ்ஷும் வெடிக்கத் தொடங்கிவிட்டதாம். அதையும் மாற்றவேண்டும். உங்களிடம் ஒரு வாக்குத் தருகிறேன் மச்சான். போகாதே என்று இனிப் பிள்ளையை மறிக்க மாட்டேன். அவளைத் தனியே அதற்குக் கீழே போகவும் விடமாட்டேன். பயம் போகாது, அதை என்னோடு வைத்துக்கொள்கிறேன். ஸ்பேனரை நான் பிடிப்பேன்.

உங்கட மாமாவின் மகள்,
நுஸ்ராவின் உம்மா