கரையாத முட்டி

செவ்வாய், இரவு.

தண்ணீரில் கரையும் கெட்டிப் பிளாஸ்டிக்கில் அஸ்தி முட்டி செய்தேன். கிணற்றுத் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன்; ஒரு மணித்தியாலத்தில் கரைந்துவிட்டது. அதை நம்பி முதல் முட்டியைப் பக்கத்துத் தெருப் பரமேஸ் அக்காவுக்குக் கொடுத்தேன். நேற்று அதில் வைத்துத்தான் அவர் புருஷனின் சாம்பலைத் துறைமுகக் கடலில் விட்டார்கள்.

இன்று பின்னேரம் என் கடைக்குப் பின்னால் கடலுக்குள் இறங்கும் படியில் அந்த முட்டி கரையாமல் வந்து முட்டிக்கொண்டு நின்றது. உப்புத் தண்ணீரில் சோதிக்காதது என் பிழை. மூன்று தரம் தள்ளிவிட்டேன். காற்று கடல் பக்கம் வீசியும் திரும்பி வந்தது. எடுத்துக் கடைக்குள் வைத்தேன்.

உடனே அக்கா எனக்குப் போன் எடுத்தார்.

“தம்பி, இவர் கரைஞ்சிட்டாரோ?”

“ஓம் அக்கா, அப்பவே.”

“அப்ப ஏன் இவர் எப்பவும் சாய்ஞ்சிருக்கிற கதிரை ஈரமாக் கிடக்கு?”

விடிந்ததும் முட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்து, சொன்னது பொய் என்று சொல்ல வேண்டும். அக்கா இருக்கச் சொன்னாலும் அந்தக் கதிரையில் மட்டும் இருக்கமாட்டேன்.